ஹீலியம் தீர்ந்துபோகிறதா, அளக்கப்படாமலே போகிறதா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 1 பிப்ரவரி 2025

உலகில் ஹீலியம் தீர்ந்துகொண்டிருப்பதாகச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறேன். காற்றிலேயே ஹீலியம் இருப்பதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆக்சிஜனைப் பிரிப்பதுபோல இதையும் காற்றிலிருந்து பிரித்துக்கொள்ளக் கூடாதா? மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலத்தில் ஹீலியம் கிடைப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் நம் நாடு ஏன் இன்னும் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது?

2 பிப்ரவரி 2025

முதலில் காற்றைப் பார்ப்போம். காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 5.2 பங்குதான் ஹீலியம். அதாவது 1000 கன மீட்டர் காற்றை முழுவதும் குளிரவைத்து, ஒவ்வொரு வாயுவாக விலக்கினால், கடைசியில் 5 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஹீலிய வாயு மிஞ்சும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஆவியானால் ஏறத்தாழ 750 லிட்டர் வாயு கிடைக்கும் என்பதால், அந்த 5 லிட்டர் வாயு திரவக் கணக்கில் 7 மில்லிலிட்டர்தான். வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவி ஒன்றின் காந்தத்தைக் குளிர்விக்க 1500 லிட்டர் அளவுக்குத் திரவம் வேண்டும். அதைக் காற்றிலிருந்து மட்டுமே எடுப்பதானால் 21 கோடி கன மீட்டருக்கு மேல் காற்றைக் கையாள வேண்டியிருக்கும். நியான் எடுக்கும் பெரிய காற்றுப் பிரிப்பு ஆலைகளில் நியானோடு கொஞ்சம் ஹீலியமும் ஒதுங்கும். அதைச் சேகரிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் உலகின் தேவைக்கு அது எந்த வகையிலும் போதாது.

நிலத்தடியில் கிடைக்கும் ஹீலியம் முற்றிலும் வேறு வழியில் உருவாவது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கருவேதான். அது பாறையிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டால் ஹீலிய அணுவாகிவிடும். யுரேனியம் 238 ஈயமாக மாறி முடிவதற்குள் 8 ஆல்ஃபா துகள்களை வெளிவிடுகிறது. தோரியம் 232 வெளிவிடுவது 6. இது பல கோடி ஆண்டுகளாகப் பாறைக்குள் நடந்துவருவது. அப்படிச் சேர்ந்த வாயு பாறையிலிருந்து விடுபட்டு, மேலே உப்புப் பாறையோ வேறு கெட்டியான மூடியோ இருக்கும் இடத்தில், இயற்கை எரிவாயுவோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து தேங்குகிறது. மூடி இல்லாத இடத்தில் காற்றில் கலந்து, மேலே ஏறி, கடைசியில் விண்வெளிக்கே போய்விடுகிறது. புவியீர்ப்பால் அதை நெடுங்காலம் பிடித்துவைக்க முடிவதில்லை. பாறையிலிருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருந்தும் காற்றில் அதன் அளவு பெருகாததற்கு இதுவே காரணம்.

குத்தாலம் பற்றிக் கேட்டது உண்மை. காவிரிப் படுகையின் அந்த எரிவாயுவில் ஹீலியம் 0.06 விழுக்காடு அளவில் இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையம் ஓ.என்.ஜி.சி.யுடன் சேர்ந்து அங்கே ஒரு முன்னோட்ட ஆலை அமைத்து, அழுத்தத்தை மாற்றி மாற்றி, வாயுவைத் திடப்பொருளின் பரப்பில் ஒட்டவைக்கும் பரப்புக் கவர்தல் முறையில் மற்ற வாயுக்களை விலக்கி, 99 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான ஹீலியத்தைப் பிரித்துக் காட்டியது. காற்றோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேற்பட்ட செறிவு. ஆயினும் 1000 கன மீட்டர் எரிவாயுவிலிருந்து, ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தாலும், திரவக் கணக்கில் ஒரு லிட்டர்கூடத் தேறாது. மேலே சொன்ன எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் கன மீட்டர் எரிவாயு வேண்டும்.

2 பிப்ரவரி 2025, இரவு

குற்றால அருவிப் பக்கம் எரிவாயுக் கிணறு ஏது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அருவி இருப்பது தென்காசி மாவட்டத்துக் குற்றாலம். இங்கே பேசப்படுவது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள குத்தாலம்.

6 பிப்ரவரி 2025

செறிவு என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் முதல் குறிப்பை எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் கத்தாரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். மிகவும் பொருத்தமான கேள்வி. கத்தாரின் வடக்கு வயல் எரிவாயுவில் ஹீலியம் 0.04 விழுக்காடு அளவே, குத்தாலத்தைவிடக் குறைவு. இருந்தும் உலகில் மிக அதிகமாக ஹீலியம் தரும் நாடுகளில் அது இடம்பெற்றிருப்பதற்குக் காரணம், ஏற்றுமதிக்காக அவர்கள் எரிவாயுவை எப்படியும் திரவமாக்க வேண்டியிருப்பதுதான். மீத்தேன் மைனஸ் 160 பாகை செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே திரவமாகிவிடும். ஹீலியமோ மைனஸ் 269 பாகை வரை வாயுவாகவே நிற்கும். ஆகவே மீத்தேன் முழுவதும் திரவமாக ஒதுங்கிய பிறகு மேலே மிஞ்சும் வாயுவில் ஹீலியத்தின் செறிவு தானாகவே பன்மடங்காகிவிடுகிறது. செறிவூட்டும் செலவில் பெரும்பகுதியை எரிவாயு வணிகமே ஏற்றுக்கொள்கிறது. கத்தாரின் ராஸ் லஃபானில் 2005இலும் 2013இலும் ஆலைகள் திறக்கப்பட்டது இந்தக் கணக்கில்தான்.

குத்தாலத்து எரிவாயுவை யாரும் திரவமாக்குவதில்லை. அது குழாயில் போய் எரிகிறது. அதிலுள்ள ஹீலியம் எரியாமல், புகையோடு வானத்துக்குப் போகிறது. இந்த ஒரு வாக்கியம்தான் இந்த இழை முழுவதிலும் நான் சொல்ல விரும்புவது. உலகில் வெட்டியெடுக்கப்படும் இயற்கை எரிவாயுவில் இருக்கும் ஹீலியத்தில் பெரும்பங்கு யாராலும் பிரிக்கப்படாமலும், பல இடங்களில் அளக்கப்படாமலுமே வீணாகிறது. நிலத்தடியில் அது இல்லாமற் போவதைவிட, நாம் பாராமல் விடுவதே பெரிய இழப்பு.

பார்த்ததால் கிடைத்ததற்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து டெக்ஸ்டர். 1903இல் அங்கே ஒரு கிணற்றிலிருந்து பெரும் வேகத்தோடு வாயு பீறிட்டது. ஊரே திரண்டு கொண்டாடியது. தீ மூட்டிப் பார்க்க எரியும் வைக்கோல் கட்டை அருகே தள்ளியபோது வாயு பற்றவில்லை. வைக்கோலின் தீதான் அணைந்தது. எரியாத எரிவாயுவால் யாருக்கும் பயனில்லை என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாநிலப் புவியியலாளர் எராஸ்மஸ் ஹாவொர்த் அதைச் சிலிண்டரில் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். ஹாமில்டன் கேடியும் டேவிட் மக்ஃபார்லாண்டும் ஆராய்ந்ததில் 72 விழுக்காடு நைட்ரஜன், 15 விழுக்காடு மீத்தேன் என்று கணக்கு வந்தது. ஆனால் ஒரு சிறு பகுதி எதிலும் அடங்கவில்லை. திரவக் காற்றில் குளிரவைத்த தேங்காய்ச் சிரட்டைக் கரியில் மற்ற வாயுக்களைக் கவரவிட்டு, எஞ்சியதை நிறமாலையில் பார்த்தபோது ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. 1905 டிசம்பரில் கிடைத்த விடை 1.84 விழுக்காடு. அதுவரை பூமியில் மிக அரிதான பொருள் என்று கருதப்பட்ட ஒன்று கிணற்றிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

9 பிப்ரவரி 2025

"ஹீலியம் 1868இல் குண்டூரில் ஜான்சென் கண்டுபிடித்தது, இதில் பேச என்ன இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல நூல்களும் இணையப் பக்கங்களும் இப்படித்தான் சொல்கின்றன. ஆனால் நடந்தது இன்னும் சுவையானது. நாம் பேசிக்கொண்டிருக்கும் அளவீடு என்ற பொருளுக்கும் நெருக்கமானது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தக்காணத்தைக் குறுக்காகக் கடந்தது. பிரான்சிலிருந்து வந்த பியர் ஜான்சென் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட்டிருந்தார். அதே வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலிருந்து பார்த்தார். சூரியனின் விளிம்பில் தெரியும் தழல்களின் ஒளியை நிறமாலைகாட்டியில் பிரித்தபோது பிரகாசமான கோடுகள் தெரிந்தன; ஆகவே அவை ஒளிரும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன் என்ற முடிவு கிடைத்தது. மஞ்சள் பகுதியிலும் ஒரு கோடு இருந்ததைப் பலரும் குறித்தார்கள். சோடியத்தின் கோடு அங்கேதான் இருக்கும் என்பதால் அதையே சோடியம் என்று எழுதிவிட்டார்கள். போக்சன் சற்று எச்சரிக்கையாக, அது சோடியக் கோட்டின் இடத்திலோ அதை ஒட்டியோ இருப்பதாகக் குறித்தார். கிரகணம் நீடித்த சில நிமிடங்களில் அதற்கு மேல் யாராலும் அளக்க முடியவில்லை.

ஜான்சென் செய்த பெரிய செயல் வேறு. அந்தக் கோடுகள் இவ்வளவு பிரகாசமாக இருந்தால் கிரகணம் இல்லாமலே அவற்றைப் பார்க்க முடியுமே என்று அன்றே எண்ணி, மறுநாள் காலையில் பார்த்தும் காட்டினார். இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் இந்தச் செய்தி எட்டுமுன்பே, அதே முறையைத் தாமாகவே வகுத்து, 1868 அக்டோபர் 20 அன்று பார்த்தார். இருவருடைய அறிக்கைகளும் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரே நாளில் வாசிக்கப்பட்டன. இருவரின் உருவமும் பொறித்த பதக்கத்தை 1872இல் பிரெஞ்சு அரசு வெளியிட்டது அந்த முறைக்காகத்தான்; ஹீலியத்துக்காக அல்ல.

கிரகணத்தை நம்பியிராமல் நிதானமாக அளக்க முடிந்த பிறகுதான் லாக்யருக்கு அந்த மஞ்சள் கோடு சோடியத்தின் இரட்டைக் கோடுகளோடு பொருந்தவில்லை என்பது உறுதியானது. சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன, இதுவோ 587.6இல் இருந்தது. ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவான இந்த விலகலில் ஒரு புதிய தனிமம் இருந்தது. எட்வர்ட் ஃபிராங்க்லாண்டோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜனை எந்த நிலையில் வைத்துப் பார்த்தும் அந்தக் கோடு வராததால்தான் அது பூமியில் அறியப்படாத பொருளாக இருக்கலாம் என்ற கருத்து பிறந்தது. ஆகவே குண்டூருக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இந்த வரலாற்றில் உரிய இடம் நிச்சயம் உண்டு. கண்டுபிடிப்பு ஒரே நாளில், ஒரே ஊரில், ஒருவர் கையால் நடந்தது என்பதை மட்டும் ஏற்க முடியாது.

10 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்பில் வந்திருக்க வேண்டிய இன்னொருவர் வில்லியம் ஹில்லிபிராண்ட். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையில் பணியாற்றிய வேதியியலாளர். 1890 வாக்கில் யுரேனினைட் கனிமத்தை அமிலத்தில் கொதிக்கவைத்தபோது எதனோடும் வினைபுரியாத ஒரு வாயு வெளிவந்தது. நைட்ரஜன் என்று முடிவுசெய்தார். ஹீலியம் அவர் கையிலேயே இருந்தது. ஆர்கானைத் தேடிக்கொண்டிருந்த வில்லியம் ராம்சேக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஹென்றி மையர்ஸ் இந்தக் கட்டுரையைச் சுட்டிக்காட்டினார். 1895 மார்ச்சில் ராம்சே கிளீவைட் கனிமத்தில் அதே சோதனையைச் செய்து, வந்த வாயுவை நிறமாலையில் பார்த்தார். மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை. வில்லியம் குரூக்ஸ் அளந்து உறுதிசெய்தார். 27 ஆண்டுகளாகச் சூரியனில் மட்டும் இருந்த பொருள் பூமியிலும் இருந்தது.

இலங்கைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அங்கே கனிம அளவை நடத்திய ஆனந்த குமாரசாமி 1904இல் சேகரித்த கறுப்புக் கனிமம் பின்னர் தோரியனைட் என்று அறியப்பட்டது. தோரியமும் யுரேனியமும் செறிந்த அது, சூடாக்கினால் மிகுதியான ஹீலியத்தை வெளிவிட்டது. ஹீலியம் உருவாகும் வேகத்தை நேரடியாக அளந்து, பாறையின் வயதை மதிப்பிட ராபர்ட் ஸ்ட்ரட் செய்த ஆய்வுகளுக்கு அது கைகொடுத்தது. கலை வரலாற்றில் மட்டுமே நாம் நினைவுகூரும் ஒருவருக்கு இந்தப் பக்கமும் உண்டு என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

16 பிப்ரவரி 2025

கண்டறியும் முறைகள் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது என் தொழில் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஹீலியத்துக்கு நிறமில்லை, மணமில்லை, வினையில்லை. ஆகவே அதைப் பிடிக்க மூன்று பண்புகள்தாம் நமக்கு உதவுகின்றன: அதன் நிறமாலை, அதன் நிறை, அதன் வெப்பக் கடத்தல். வெற்றிடக் கருவிகளில் கசிவு தேட நாங்கள் பயன்படுத்தும் லீக் டிடெக்டர் உண்மையில் நிறை 4 உள்ள அயனிகளை மட்டும் எண்ணும்படி அமைத்த சிறிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியத்தைச் செறிவூட்ட அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கட்டிய மாபெரும் ஆலையின் குழாய் இணைப்புகளைச் சோதிப்பதற்காக, ஆல்ஃபிரெட் நியரின் வடிவமைப்பிலிருந்து இந்தக் கருவி வளர்ந்தது. காற்றில் ஹீலியம் மிகக் குறைவாக இருப்பதே இங்கே நமக்கு நன்மை. பின்னணி குறைவு என்பதால் நாம் தெளிக்கும் சிறு அளவும் தனித்துத் தெரியும்.

சோதிக்க வேண்டிய கலத்தை வெற்றிடமாக்கி டிடெக்டரோடு இணைத்து, வெளியிலிருந்து மெல்லிய முனையால் ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியத்தைத் தெளிக்க வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழே வர வேண்டும் என்பது நாங்கள் முதலில் கற்ற பாடம். கீழே தெளித்தால் வாயு மேலே ஏறி, மேலுள்ள ஓட்டை வழியாகப் புகுந்து, கீழேயே கசிவு இருப்பதாக நம்மை நம்பவைக்கும். இரண்டாவது, ரப்பர் ஓ-ரிங். ஹீலியம் ரப்பருக்குள்ளேயே ஊடுருவும். ஓர் இணைப்பில் தெளித்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் அளவு மெதுவாக ஏறத் தொடங்கும். அது கசிவு அல்ல, ஊடுருவல். உடனே குதித்து ஏறுவது கசிவு. பொறுத்துப் பொறுத்து ஏறுவது ஊடுருவல். புதிதாக வரும் மாணவர்கள் நல்ல இணைப்பை அவிழ்த்து, மீண்டும் பூட்டி, நாள் முழுவதும் அலைக்கழிவதைப் பார்த்திருக்கிறேன். விநாடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கு மில்லிபார் லிட்டர் என்ற கசிவை இந்தக் கருவி எளிதாகக் காட்டும். அந்த ஓட்டை வழியாக ஒரு கன சென்டிமீட்டர் வாயு போவதற்கு முப்பது ஆண்டுகள் ஆகும்.

திரவ ஹீலியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் ஒரு கலைதான். மெல்லிய குழாயின் மேல்முனையில் ரப்பர்ச் சவ்வு கட்டி, குடுவைக்குள் மெதுவாக இறக்குவோம். குளிர்ந்த கீழ்முனைக்கும் அறை வெப்பத்தில் உள்ள மேல்முனைக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் உள்ளே வாயு தானாகவே அதிரும். விரலைச் சவ்வின் மேல் வைத்தால், நாடி பார்ப்பதைப் போல, அந்தத் துடிப்பு தெரியும். குழாயின் நுனி திரவத்தைத் தொட்டதும் துடிப்பின் வேகம் குறையும். அந்த இடத்தைக் குழாயில் குறித்துக்கொள்வோம். மின்னணு அளவுகோல்கள் வந்த பிறகும் ஐயம் வந்தால் இதைத்தான் நம்பினேன்.

திரவத்தைக் கண்ணால் பார்ப்பதே கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் ஒளிவிலகல் எண் வாயுவினதற்கு மிக நெருங்கியது. 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடனில் ஹைக்கே காமர்லிங் ஓனஸ் முதன்முதலில் ஹீலியத்தைத் திரவமாக்கியபோது, திரவம் சேர்ந்திருப்பதே நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை. வெப்பமானியின் அளவு மட்டும் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. பார்க்க வந்திருந்த வேதியியல் பேராசிரியர் ஸ்க்ரைனமேக்கர்ஸ், வெப்பமானி திரவத்தில் மூழ்கியிருப்பதால்தான் அப்படி நிற்கிறதோ என்று சொல்ல, கீழிருந்து விளக்குக் காட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் திரவத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாயு முழுவதும் வட கரோலினா மோனசைட் மணலைச் சூடாக்கி எடுத்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கும் மோனசைட்டும் தோரியம் செறிந்தது என்பதால் அதன் ஒவ்வொரு மணிக்குள்ளும் கொஞ்சம் ஹீலியம் அடைபட்டிருக்கிறது.

17 பிப்ரவரி 2025

ஊடுருவல் பற்றிச் சொன்னதற்கு நேரடிச் சான்று ஒன்று 2018இல் கிடைத்தது. சிகாகோ அருகே ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவியை நிறுவும்போது கசிந்த ஹீலியம் காற்றோட்டக் குழாய் வழியாகக் கட்டடத்தில் பரவ, ஏறத்தாழ நாற்பது பேரின் ஐபோன்களும் ஆப்பிள் கைக்கடிகாரங்களும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. மற்ற நிறுவனங்களின் போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐபோன்களில் நேரத்தைக் காக்கும் துடிப்பான், குவார்ட்ஸ் படிகத்தால் ஆனதல்ல. வெற்றிடக் கூட்டுக்குள் அதிரும் மிக நுண்ணிய சிலிக்கான் அமைப்பு. ஹீலியம் அந்தக் கூட்டுக்குள் புகுந்து அதிர்வைக் குலைத்துவிட்டது. வாயு வெளியேறிய சில நாள்களில் பெரும்பாலானவை சரியாகின.

23 பிப்ரவரி 2025

பக்ரேஸ்வர் பற்றிக் கேட்டவருக்கு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள வெந்நீர் ஊற்றுகள் அவை. அங்கே குமிழியிடும் வாயுவில் ஹீலியம் ஒரு விழுக்காட்டைத் தாண்டுவதை 1950களில் சியாமாதாஸ் சட்டர்ஜி கண்டறிந்தார்; சத்யேந்திரநாத் போஸின் ஊக்கம் அதன் பின்னால் இருந்தது. பின்னர் சைக்ளோட்ரான் மையம் அங்கே களநிலையம் அமைத்து, வாயுவைச் சேகரித்துத் தூய்மைப்படுத்தியது. செறிவு குத்தாலத்தைவிடப் பன்மடங்கு. ஆனால் ஊற்றிலிருந்து வரும் மொத்த வாயு மிகக் குறைவு. கிணறாயினும் ஊற்றாயினும் செறிவு, ஓட்டம், கூடவே வரும் வாயுவுக்கு வாங்குபவர் உண்டா என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே நிலையத்தில் ஹீலியமும் ரேடானும் கூடிக் குறைவதை நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டும் ஆராய்கிறார்கள். பாறையில் விரிசல் விழுந்தால் அடைபட்ட வாயு விடுபடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் நிலநடுக்கம் வந்த பிறகு பழைய வரைபடத்தில் ஏற்றத்தைச் சுட்டுவதும், ஏற்றத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்வதும் வெவ்வேறு. இரண்டாவதை இன்றுவரை யாரும் நம்பகமாகச் செய்துகாட்டவில்லை என்பதால், ஊற்றில் ஹீலியம் கூடினால் பூகம்பம் வரும் என்று பரப்பப்படும் செய்திகளை நான் ஏற்கவில்லை.

ஊற்று வாயுவில் ஹீலியத்தின் அளவைவிட அதன் இரண்டு வகை அணுக்களின் விகிதமே அதிகம் பேசும். காற்றில் ஹீலியம் 4இன் பத்து லட்சம் அணுக்களுக்கு ஹீலியம் 3இன் அணு ஒன்றரைக்கும் குறைவு. பழைய கண்டப் பாறையில் உருவான வாயுவில் அந்த விகிதம் காற்றில் உள்ளதில் நூற்றில் சில பங்குதான். கடலடி மலைத்தொடர்களில் மேலேறும் எரிமலைக் குழம்பிலோ அது காற்றைப்போல் எட்டு மடங்கு. பூமி உருவானபோது அடைபட்ட ஹீலியம் 3 இன்னும் உள்ளிருந்து வெளிவந்துகொண்டிருக்கிறது. பசிபிக் ஆழ்கடல் நீரில் இந்த மிகையை 1969இல் பிரையன் கிளார்க்கும் ஹார்மன் கிரெய்க்கும் அவர்களது குழுவினரும் அளந்து காட்டியபோது, கோளின் தொடக்கக் காலத்து வாயு இன்னும் முற்றிலும் வெளியேறிவிடவில்லை என்பது உறுதியானது. நான் படித்த ஆய்வுகளில் என்னை மிகவும் பாதித்தவற்றுள் இது ஒன்று.

இந்த அறிவு தேடலுக்கும் உதவுகிறது. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் சில ஊற்று வாயுக்களில் 10 விழுக்காட்டைத் தாண்டிய ஹீலியம் இருப்பதை டர்ஹாம், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016இல் விளக்கினார்கள். மிகப் பழைய பாறையில் நெடுங்காலம் சேர்ந்த ஹீலியத்தை, அருகே நிலம் பிளந்து எழுந்த எரிமலை வெப்பம் விடுவித்தது என்பது அவர்களின் விளக்கம். எண்ணெயைத் தேடும்போது தற்செயலாகக் கிடைத்துவந்த பொருளை, அதற்காகவே தேட முடியும் என்று காட்டியதுதான் அதன் சிறப்பு.

2 மார்ச் 2025

நிலவில் ஹீலியம் 3 குவிந்து கிடப்பதால் பூமியில் கவலை எதற்கு என்பவருக்குச் சுருக்கமாக. நிலவு மண்ணில் அது நூறு கோடியில் சில பங்கு மட்டுமே. 10 பங்கு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ எடுக்க ஒரு லட்சம் டன் மண்ணைப் பல நூறு பாகைக்குச் சூடாக்க வேண்டும். இன்று நமக்குக் கிடைக்கும் ஹீலியம் 3 பெரும்பாலும் அணு ஆயுதங்களுக்காக உண்டாக்கிய டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைவதால் வருவது. நியூட்ரானைக் கண்டறியும் கருவிகளும் மிகத் தாழ்ந்த வெப்பநிலை ஆய்வுகளும் அதை நம்பியிருக்கின்றன. எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கும் ராக்கெட் எரிபொருள் தொட்டிக்கும் வேண்டியது சாதாரண ஹீலியம் 4.

8 மார்ச் 2025

தட்டுப்பாடு என்பது வெறும் வதந்தியா என்ற கேள்விக்கு வருகிறேன். வதந்தி இல்லை. டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ அருகே அமெரிக்க அரசு நிலத்தடியில் சேமித்திருந்த ஹீலியத்தை விற்றுவிட 1996இல் சட்டம் இயற்றியது. அந்தச் சேமிப்பு 2024இல் தனியார் கைக்குப் போனது. 2017 ஜூனில் அண்டை நாடுகள் கத்தாரின் எல்லையை மூடியபோது அதன் ஆலைகள் சில வாரங்கள் நின்றன. ரஷ்யாவின் அமூர் ஆலை 2021இல் தொடங்கிய சில மாதங்களிலேயே தீயாலும் வெடிப்பாலும் முடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளை உலகமே நம்பியிருக்கும்போது, ஓரிடத்தில் நேரும் தடங்கல் எல்லா ஆய்வுக்கூடங்களையும் தாக்குகிறது.

நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் அதை நேரில் பார்த்தேன். சோதனையில் ஆவியான ஹீலியம் குழாய் வழியாகத் திரும்பி வந்து பெரிய ரப்பர்ப் பைகளில் சேரும். கம்ப்ரசர் அதைச் சிலிண்டர்களில் அழுத்தும். தூய்மைப்படுத்தி மீண்டும் திரவமாக்குவோம். நன்றாக நடத்தினால் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்பப் பெறலாம். ஆனால் கம்ப்ரசர் பழுதாகி உதிரிப் பாகத்துக்கு ஒப்புதல் வராமல் கிடந்த மாதங்களில், பைகள் நிரம்பியதும் வால்வைத் திறந்து வானத்துக்கு விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. புதிய திரவம் வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டது. இருப்பதைக் காக்கும் பாகத்துக்கு ஒதுக்கப்படவில்லை. காந்தம் ஒன்றைச் சூடேறவிட்டு மூட வேண்டியதாயிற்று. அதை நம்பி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவியின் முகம் இன்றும் என்னை உறுத்துகிறது. மீட்புக் குழாயும் கம்ப்ரசரும் இல்லாமல் திரவ ஹீலியம் வாங்க எந்த நிறுவனத்துக்கும் அனுமதி தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவத் துறை இதில் முன்னே போய்விட்டது. முழுவதும் மூடி அடைத்த, 7 லிட்டர் அளவு ஹீலியமே கொண்ட எம்.ஆர்.ஐ. காந்தங்களைப் பிலிப்ஸ் நிறுவனம் 2018 முதல் தருகிறது.

9 மார்ச் 2025

"எங்கள் பகுதிக் கிணற்றின் வாயுப் பகுப்பாய்வு அறிக்கையைப் பார்த்தேன், அதில் ஹீலியம் என்ற வரியே இல்லை, ஆகவே இல்லை என்றுதானே பொருள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது. இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. எரிவாயுவைப் பகுக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் மாதிரியைச் சுமந்து செல்லும் வாயுவாகப் பெரும்பாலும் ஹீலியத்தையே பயன்படுத்துகிறார்கள். கருவி முழுவதும் ஹீலியம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாதிரியில் உள்ள ஹீலியம் அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஆர்கானையோ நைட்ரஜனையோ சுமக்கும் வாயுவாக வைத்து அதே மாதிரியைத் தனியாக ஓட்ட வேண்டும். எனவே அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வாயுவைச் சுமக்கும் வாயுவாக வைத்து ஓட்டினார்கள் என்பது.

15 மார்ச் 2025

வெந்நீர் ஊற்றில் மாதிரி எடுக்கப் போகும் மாணவர் ஒருவர், எந்தக் கலத்தில் எடுப்பது என்று கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக் பையில் எடுக்க வேண்டாம். ஹீலியம் அதன் வழியே போய்விடும். சாதாரணக் கண்ணாடிக் குடுவையிலும் நெடுநாள் வைக்க முடியாது. செப்புக் குழாய்தான் சரியானது. ஊற்றில் புனலைக் கவிழ்த்து நீருக்கடியிலேயே குமிழிகளைப் பிடித்து, அந்த வாயுவைக் குழாய் வழியே போதிய நேரம் ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறிய பிறகு இரண்டு முனைகளையும் கிடுக்கியால் இறுக்கி நசுக்கிவிடுங்கள். நசுங்கிய செம்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் ஹீலியத்தை மட்டும் அளக்கச் சொல்லாதீர்கள், நியானையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். காற்றில் ஹீலியம் 4க்கும் நியான் 20க்கும் உள்ள விகிதம் 0.318. உங்கள் மாதிரியின் விகிதம் அதை நெருங்கினால் நீங்கள் பிடித்தது பெரும்பாலும் காற்றுதான். ஊற்றுக்குத் திரும்பிப் போய் மீண்டும் எடுக்க வேண்டும். பல நூறு மடங்கு கூடுதலாக இருந்தால் அந்த ஹீலியம் பாறையிலிருந்து வந்தது. எடுத்த இடம், நாள், நீரின் வெப்பம், குமிழி வரும் வேகம் நான்கையும் குழாயிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.